பயணி இறங்கிக்கொண்டிருக்கிறார்

'ரைட்' என்ற ஒரே ஒரு சொல்லைச் சொல்வதற்குத்தான் சவரியப்பனுக்குச் சம்பளம்.

சிரிக்காதீர்கள். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற பஸ்ஸில் இப்போது டிரைவர் சீட்டே கிடையாது. ஸ்டியரிங், கியர், எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிடும் கம்பி, எல்லாம் போயே போய்விட்டன. பஸ் தானே ஓடும், தானே நிற்கும், தானே கதவைத் திறக்கும், அடுத்த நிறுத்தம் என்னவென்று செய்தி வாசிப்பவள் குரலில் தானே சொல்லும். டிக்கெட்டும் போனிலேயே முடிந்துவிடும். ஆனால் கிளம்புவதற்கு மட்டும் ஒரு மனிதன் 'ரைட்' சொல்ல வேண்டும். யூனியன்காரர்கள் கொடி பிடித்துப் போராடி வாங்கிய உரிமை என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கம்பெனியும் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கை காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா?

கதவோரத்தில் பஸ்ஸுக்கு ஒரு கண்ணும் உண்டு. படியில் ஆள் நின்றால் அதற்குத் தெரியும். ஆரம்பத்தில், படி காலியானால்தான் நகர்வேன் என்று அது அடம்பிடித்தது. நம் ஊரில் படி காலியாவதாவது! உள்ளே இடம் காற்றாடினாலும் காலேஜ் பையன்கள் தொங்கிக்கொண்டுதான் வருவோம் என்றார்கள். பஸ் ஸ்டாண்டை விட்டே வண்டி கிளம்பவில்லை. கடைசியில் கம்பெனி ஒரு விதி போட்டது. பஸ்ஸின் கண் ஒன்று சொல்லி, கண்டக்டரின் வாய் வேறு சொன்னால், வாய்தான் செல்லும். எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

இதையெல்லாம் வடிவமைத்தவர்கள் ஒன்றும் வெள்ளைக்காரர்கள் இல்லை. சென்னையில் உட்கார்ந்து நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள்தான். ஆனாலும் ஒன்றைக் கோட்டை விட்டுவிட்டார்கள். நாம் பஸ்ஸுக்கு மட்டுமா ரைட் சொல்கிறோம்? டீ சொல்லவா என்றால் ரைட்டு. பெண் பார்க்கப் போவோமா என்றால் ரைட்டு. இன்னார் செத்துப்போனார் என்று போனில் சொன்னால்கூட, "ரைட்டு, எப்ப எடுக்குறாங்க?" என்றுதானே கேட்கிறோம்.

அன்றைக்கு, ஊருக்குப் பாதை பிரிகிற மூணுபுளி விலக்கில் ஒச்சம்மாள் இறங்கிக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் மார்க்கெட்டில் தக்காளியைப் போட்டுவிட்டு வெறுங்கூடைகளோடு ஊர் திரும்புகிறவள். முட்டிவலிக்காரி. கூடைகளை முதலில் இறக்கிவைத்து, அப்புறம் வலது காலை ஊன்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலை எடுப்பாள். அந்த இடது காலுக்காகச் சவரியப்பன் காத்துக்கொண்டு நின்றபோதுதான் அவன் மனைவி லூர்து போன் செய்தாள்.

"என்னங்க, வத்தலக்குண்டுல மலைப்பூண்டு கால் கிலோ வாங்கிட்டு வந்துருங்க."

"ரைட்டு, ரைட்டு" என்றான் சவரியப்பன்.

பஸ் கிளம்பிவிட்டது.

விசாரணை நடந்தது. பஸ்மேல் தப்பில்லை, அது சொன்னதைத்தான் கேட்டது. விதிமேல் தப்பில்லை, அது பொதுமக்களின் நேரத்தைக் காப்பாற்றப் போட்ட விதி. சவரியப்பன்மேலும் பெரிதாகத் தப்பில்லை, அவன் பூண்டுக்குத்தான் ரைட்டு சொன்னான். ஆக, ஒருவர்மேலும் தப்பில்லாமல் ஒச்சம்மாள் செத்துப்போனாள். பணி நேரத்தில் போன் பேசக் கூடாது என்று எல்லா பஸ்ஸிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

சவரியப்பன் மட்டும் அந்த விலக்கைத் தாண்டி வரவேயில்லை.

உடம்பு வீட்டில்தான் இருந்தது. ஆனால் யாராவது 'ரைட்டு' என்றால் போதும், பாய்ந்து போய்ப் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்து இழுப்பான். டீக்கடையில் ஒருவர் வாயெல்லாம் கொதிக்கிற டீ. மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியார் படியிறங்கும்போது அவருடைய அங்கியைப் பிடித்து இழுத்துவிட்டான். பூண்டு வாசனை பட்டால் குடல் புரண்டு வாந்தி. கதவு 'உஸ்' என்று திறந்தால் மூச்சடைப்பு. தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. ஊரில் எல்லோரும் நல்லெண்ணத்தோடு, "மனசப் போட்டுக் கொழப்பிக்காதப்பா, ரைட்டு விடு" என்று ஆறுதல் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சட்டைக் கிழிசலைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஒச்சம்மாளின் புருஷன் சோலைச்சாமி அந்த விலக்கிலேயே பஞ்சர் கடை வைத்திருப்பவன். கருமாதி அன்று சவரியப்பன் போய் அவன் காலில் விழுந்தான். சோலைச்சாமி அடிக்கவில்லை, கத்தவுமில்லை. "எந்திரி" என்றான். "எனக்கு உன்கிட்ட ஒண்ணும் வேணாம். நீ தூங்கக் கூடாது, அவ்வளவுதான்."

அதனால் தூக்கம் வராததில் சவரியப்பனுக்கு ஒரு நியாயம் தெரிந்தது. ஒரு கடமையைச் செய்கிற மாதிரி விழித்துக் கிடந்தான். லூர்துதான் பொறுக்க முடியாமல் கம்பெனிக்குப் போய் வாசலில் உட்கார்ந்து அழுது, சிகிச்சைக்கு ஏற்பாடு பண்ணினாள்.

டாக்டர் நப்பின்னைக்கு மனநோய் வைத்தியத்தில் நல்ல பேர். அவருடைய அறையில் பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு சாய்வு நாற்காலியும், அதற்கு மேலே முடி காயவைக்கிற கூடை போல ஒரு தொப்பியும் இருந்தன.

"நடந்ததைச் சொல்லுங்க" என்றார்.

"அந்தம்மா எறங்குது டாக்டர். கூடைய வைக்கிது. வலது கால ஊண்டுது. போன் அடிக்கிது…" அதற்கு மேல் வரவில்லை. கை தூக்கிப் போட்டது.

டாக்டர் தண்ணீர் கொடுத்தார். "ஒண்ணு கவனிச்சீங்களா? எறங்குது, வைக்கிது, ஊண்டுதுன்னுதான் சொல்றீங்க. எறங்குச்சுன்னு ஒரு தடவைகூட வரலை."

"ஆமா… எனக்கு அப்படித்தான் தெரியுது."

"அதுதான் உங்க வியாதி. நீங்க கோழையும் இல்லை, பைத்தியமும் இல்லை. சாதாரணமா நடந்ததுக்கெல்லாம் மூளை ஒரு தேதி குத்தி உள்ள அனுப்பிரும். உயிர் பதறுற மாதிரி ஒண்ணு நடந்தா, அந்தப் பதட்டத்துல தேதி குத்த மறந்துரும். தேதி இல்லாத நினைவு எப்ப வெளிய வந்தாலும், இப்பத்தான் நடக்குதுன்னு உடம்பு நம்பிரும். உங்க உடம்பு இன்னும் அந்தம்மாவைக் காப்பாத்தத்தான் ஓடுது."

சவரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை இத்தனை மரியாதையாக யாரும் விளக்கியதில்லை.

"தொப்பியப் போட்டுக்கிட்டு மறுபடி மறுபடி சொல்லுவீங்க. நினைவு திறக்கும்போது நடுக்கத்தை மட்டும் இது கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிரும். ஆனா மெதுவாத்தான் பண்ணணும். நடுக்கமும் வருத்தமும் ஒரே கொத்துல காய்க்கிறது. அவசரப்பட்டா ரெண்டும் வந்துரும்."

"ரெண்டையும் எடுத்துருங்க டாக்டர். ஒண்ணும் வேணாம் எனக்கு."

"வருத்தம் வேணும் சவரியப்பன். அது வியாதி இல்லை."

கம்பெனிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கம்பெனி சார்பில் நிரஞ்சன் என்ற மென்பொருள்காரன் வந்திருந்தான். நல்ல பையன்தான், எல்லோரையும் அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். உறிஞ்சிய நடுக்கத்தின் தடம் அந்தத் தொப்பிக்குள் பதிவாகும் அல்லவா, அதைத் தங்களுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டான்.

"எதுக்கு சார்?"

"பஸ்ல வைக்கத்தாண்ணா. பஸ்ஸுக்கு பயம் கெடையாது, அதான் அன்னைக்கு யோசிக்காம போயிருச்சு. உங்க பயத்தோட பேட்டர்ன் இருந்தா, படியில ஆள் இருக்கும்போது யார் என்ன சொன்னாலும் தயங்கும். இனிமே ஒருத்தரும் சாக மாட்டாங்க."

"எடுத்துக்கங்க சார். பழைய துணியக் குடுத்தா பிளாஸ்டிக் பக்கெட்டாவது தருவாங்க. இத எவன் கேக்கப் போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. 'மெதுவாக' என்று இரண்டாவது முறையும் சொன்னார். கம்பெனியும் நோயாளியும் ஒரே கட்சியில் நின்றால் டாக்டர் என்ன செய்வார்? வேகத்தைக் கூட்டினார்கள். ஒருநாள் நாற்காலியில் சாய்ந்தபடி சவரியப்பன் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்: "அந்தம்மா எறங்குச்சு. நான் ரைட்டுன்னேன். பஸ் போயிருச்சு. அந்தம்மா செத்துப்போச்சு." கை அசையவில்லை. அன்றைக்கு மத்தியானமே வீட்டில் குறட்டை விட்டுத் தூங்கினான்.

குணமாகிவிட்டது என்றால் அப்படி ஒரு குணம். டீக்கடையில் நூறு பேர் ரைட்டு சொன்னாலும் காதில் விழாது. மறுபடி காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். மூணுபுளி விலக்கு வந்தது. சோலைச்சாமி கடையிலிருந்து எழுந்து நின்று, பஸ்ஸைப் பார்த்துத் துப்பினான். சவரியப்பன் தன் நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தான். ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

வீட்டில் ரசத்தை வாயில் வைத்தவன் முகம் சுளித்தான். "ஏ லூர்து, என்ன ரசம் இது? பூண்டு போடலயா? எனக்குத்தான் இப்ப ஒண்ணும் பண்ணலயே."

லூர்து கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "தொப்பிய உங்க தலையிலதான வச்சாங்க? பூண்டு கேட்டது நான்தான?" என்றாள்.

சவரியப்பன் அவளை அண்ணாந்து பார்த்தான். இத்தனை நாளும் இவளும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. பாவமே என்று நினைத்தான். நினைத்தானே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை. அவன் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தான்.

"நீங்க நல்லாத்தான் ஆயிட்டீங்க" என்றாள் லூர்து, தட்டை எடுத்துக்கொண்டே. "எனக்குத்தான் உங்களப் பாத்தா பயமா இருக்கு."

இதற்கிடையில் கம்பெனியில் ஒரே கொண்டாட்டம். சவரியப்பனின் நடுக்கத்தை எல்லா பஸ்ஸிலும் ஏற்றிவிட்டார்கள். பஸ்கள் அடேயப்பா, மருமகளை முதன்முதலாக வீட்டுக்கு அழைக்கிற மாமியார் மாதிரி ஒவ்வொருவரையும் பதமாக இறக்கிவிட்டன. இரண்டு காலும் தரையில் பட்டு, ஆள் நகர்ந்த பிறகுதான் கதவு மூடும். கண்டக்டர் ரைட் சொன்னாலும் ஒரு கணம் யோசிக்கும். கம்பெனிக்குப் பாதுகாப்பு விருது கிடைத்தது. மேடையில் நிரஞ்சனுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

ஆனால் கொஞ்ச நாளில் பஸ்களின் போக்கு மாறத் தொடங்கியது. உள்ளே யாராவது போனில் "ரைட்டு மாப்ள" என்றால் பஸ் நடுரோட்டில் சடாரென்று பிரேக் போட்டது. எந்த பஸ்ஸாக இருந்தாலும் மூணுபுளி விலக்கு நெருங்கும்போது கதவு கடகடவென்று ஆடியது. இறங்க ஆளே இல்லாவிட்டாலும் அங்கே நின்றது. கதவைத் திறந்து, வெறும் படியைப் பார்த்து, அந்தச் செய்தி வாசிப்பவள் குரலில் சொன்னது:

"பயணி இறங்கிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து காத்திருக்கவும்."

கண்டக்டர் தொண்டை கிழிய ரைட் சொன்னாலும் அசையாது. அதற்கு எப்போது மனம் ஆறுகிறதோ அப்போதுதான் கிளம்பும். பேய் ஏறிய பஸ் என்று சிலர் வேப்பிலை சொருகினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்.

நிரஞ்சன் டாக்டரிடம் ஓடினான். டாக்டர் நப்பின்னை முதலில் வாய்விட்டுச் சிரித்தார், அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயத்தை மட்டும் தனியா எடுத்துட்டுப் போறோம்னு நினைச்சீங்க. அது நினைவோடதான் வந்திருக்கு. தேதி இல்லாத நினைவு. உங்க பஸ்ஸுக்கு இப்ப என்ன வியாதின்னு சவரியப்பன்கிட்டயே கேளுங்க, அவர் சொல்லுவாரு."

அப்படித்தான் ஒரு நண்பகலில் நிரஞ்சன் மடிக்கணினியோடு சவரியப்பனின் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தான்.

"அண்ணா, வேலை ரொம்ப சிம்பிள். மூணுபுளியில அது அந்த அனவுன்ஸ்மென்ட் குடுக்கும்போது, நீங்க 'எறங்கிட்டாங்க'ன்னு சொல்லுங்க. உங்க குரல்ல. அதோட பயம் உங்க பயம்தான, நீங்க சொன்னா நம்பிரும். இந்த வண்டி நம்பிருச்சுன்னா எல்லா வண்டியும் கத்துக்கும்."

"தேதி போடுற மாதிரியா சார்?"

நிரஞ்சன் தயங்கினான். "தேதி போடுறதுக்கெல்லாம் டைம் இல்லண்ணா. மொத்தமா அழிஞ்சிரும். படியில ஆள் இருந்தா நிக்கிறதுக்கு வேற வழி எழுதிட்டோம்."

"நான் சொல்லலைன்னா?"

"அண்ணா… நின்ன எடத்துலயே நிக்கிற பஸ்ஸுக்குக் கண்டக்டர் எதுக்குன்னு மேலிடத்துல கேக்குறாங்க. இது உங்க எல்லாரோட வேலை விஷயம். யோசிச்சுக்கங்க."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் சவரியப்பனும் நினைத்தான். ஒரு வார்த்தை. சம்பளம் வாங்குவதே ஒரு வார்த்தைக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே புளிய மரங்கள் தெரிய ஆரம்பித்தன. கதவு கடகடவென்று ஆடியது. அவன் தன்னையறியாமல் கதவின்மேல் கையை வைத்தான். அந்த ஆட்டம் அவனுக்குத் தெரிந்த ஆட்டம். தன்னுடைய பழைய சட்டையை வேறு யாரோ போட்டிருக்கக் கண்டது போலிருந்தது.

பஸ் நின்றது. கதவு உஸ்ஸென்று திறந்தது.

"பயணி இறங்கிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து காத்திருக்கவும்."

சோலைச்சாமி கடையிலிருந்து எழுந்து வந்தான். இந்த முறை துப்பவில்லை. கதவுக்கு நேரே வந்து நின்றான்.

"நானும் தெனமும் கேக்குறேன். யார்ரா எறங்குறது? ஒருத்தரையும் காணோம்."

சவரியப்பனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உங்க வீட்டம்மாதாண்ணே" என்றான். "என் நடுக்கத்த எடுத்து இதுக்குள்ள வச்சுட்டாங்க. இது இன்னும் அன்னைக்கே நிக்கிது."

சோலைச்சாமி இன்னும் ஓர் அடி நெருங்கி வந்தான்.

"நீ தூங்குறியா?"

"தூங்குறேண்ணே."

"இது?"

"இல்லண்ணே. தூங்கல."

சோலைச்சாமி தலையை ஆட்டிக்கொண்டான். வெறும் படியைப் பார்த்தான். "அவ மெதுவாத்தான் எறங்குவா" என்றான், யாரிடமும் சொல்லாத மாதிரி. "கூடைய மொதல்ல வைப்பா. அவசரப்படுத்துனா வண்ட வண்டையாத் திட்டுவா." படிக்கு நேரே தரையில் ஒரு பழைய டயர் கிடந்தது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, இறங்குகிறவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றான்.

அந்த டயர் ஓரமாக நகர்ந்ததைப் பார்த்ததும் சவரியப்பனுக்கு நெஞ்சு கனத்தது. துடைத்து வைத்த தட்டில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. முட்டிவலியோடு கூடை சுமந்த ஒரு பொம்பளை, ஒரு கால் பாக்கி இருக்கும்போது செத்துப்போனாள். அதற்காக அவன் முதன்முதலாக அழுதான். கையைப் பார்த்தான். கை நடுங்கவில்லை. லூர்துவைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

"சொல்லுங்கண்ணா" என்று நிரஞ்சன் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கிசுகிசுத்தான். "கரெக்டான நேரம். எறங்கிட்டாங்கன்னு சொல்லுங்க."

சவரியப்பன் வாயைத் திறக்கவில்லை. தான் ஒரு சொல் சொன்னால் இந்தத் தடத்தில் அவளுக்காக நிற்க ஒரு வண்டியும் இருக்காது.

"அண்ணா!"

"யோவ் கண்டக்டர்!" பின் சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். "என்னய்யா, ரைட் குடுய்யா! வேல வெட்டி இல்லயா எங்களுக்கு?"

அந்தச் சொல்லுக்கு பஸ் உடம்பெல்லாம் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. சவரியப்பன் கதவைத் தட்டிக் கொடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பியில் சாய்ந்து நின்று, எல்லாக் கண்டக்டர்களுக்கும் உள்ள அந்தச் சலிப்போடு பின்னால் திரும்பிச் சொன்னான்:

"இருய்யா… ஆள் எறங்குதுல்ல."